இல்மாவுக்காக ஒரு மன்றாட்டு

கோயமுத்தூர்
16.06.2025

பாசமுள்ள அண்ணாவுக்கு அன்புக்கரசி எழுதுவது.

இயேசுவுக்கே புகழ். இங்கே நான், அவர், பெனிட்டா மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணிக்குச் சளி விட்டதா?

இந்தக் காலத்தில் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று திகைக்காதீர்கள். சொல்லவே கூசுகிறது.

ஈஸ்டருக்கு வந்தபோது பெனிட்டாவின் போனுக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தீர்கள் அல்லவா? ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், எட்டு மணிக்கு மேல் திறக்காது, திறக்க நம்பர் வேண்டும், அந்த நம்பர் உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கும் என்று. என்னிடம் இருந்தால் அழுதே வாங்கிவிடுவாள் என்றுதானே உங்களிடம் விட்டோம். போன வாரம் என் வாட்ஸ்அப்பிலிருந்து, "அண்ணா நம்பர் அனுப்புங்க, ஸ்கூல்ல ஏதோ ஆப் போடச் சொல்றாங்க" என்று கேட்டதும் நீங்களும் அனுப்பிவிட்டீர்கள். அது நான் இல்லை. நான் குளித்துக்கொண்டிருந்தேன். கேட்டது அவள். வந்ததைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தும் விட்டாள். நேற்று நீங்கள் போனில், "ஆப் போட்டாச்சா அம்மணி?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும்.

பதினொன்றாவது படிக்கிற பிள்ளை, அண்ணா! என் பேரில், என்னை மாதிரியே எழுதி, கடைசியில் ஒரு கும்பிடு பொம்மையும் போட்டிருக்கிறாள். கேட்டால் சிரிக்கிறாள். "உங்களாட்ட எழுதறது ஈஸிம்மா. நாலு தப்பு விட்டாப் போதும்" என்கிறாள்.

கருமம் பிடித்த போன். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போன், கக்கூஸுக்குப் போனால் கையில் போன், படுத்தால் தலைமாட்டில் போன். கூப்பிட்டால் "ம்". அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் சாம்பார்க் கறையும். துடைக்கலாம் என்று தொட்டேன், ஓங்கரித்துக்கொண்டு வந்தது.

வருகிற ஞாயிறு வந்து நம்பரை மாற்றிவிட்டுப் போங்கள். இனி இந்த விஷயமாக எதுவானாலும் என் கையெழுத்தில் கடிதம் வந்தால்தான் நம்ப வேண்டும். போனில் பேசினால் பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்கிறாள். காந்திபுரம் கடையில் சாப்பாட்டு நேரத்தில் பில் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முதலாளி பார்க்கிறார். நிறுத்துகிறேன்.

உங்கள் தங்கை,
அன்பு

*

பல்லடம்
30.06.2025

அம்மணி அன்புவுக்கு அண்ணன் ஜெரோம் எழுதுவது.

நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணிக்குச் சளி போய் இருமல் வந்திருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

நேரில் வந்து நம்பரை மாற்றியாயிற்று. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கும்பிடு பொம்மையைப் பார்த்து ஏமாந்துபோட்டேனே! நீ எனக்கு என்றைக்கு அம்மணி கும்பிடு போட்டிருக்கிறாய்? அதைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

எங்கள் பண்ணையில் குஞ்சு இறக்கினால் விடிய விடிய லைட் எரிய விடுவோம். இருட்டாக்கினால் தூங்கிப் போகும், தூங்கினால் தீனி எடுக்காது. நம் பிள்ளைகளுக்கும் எவனோ ஒருவன் இதே வேலையைத்தான் பார்க்கிறான். கோழியாவது எடை ஏறுகிறது. இதுகளுக்குக் கண்ணுக்குக் கீழே கருப்புதான் ஏறுகிறது. த்தூ என்று துப்பத் தோன்றுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நம்பரை மாற்றும்போது அவள் அழவில்லை. "ரெண்டு மணி நேரம் எனக்கும் போதுமுங்க மாமா. ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் சேர்த்துக் குடுங்க" என்றாள். ஞாயிறுக்கு அரை மணி கூட்டிப் போட்டிருக்கிறேன். சொன்னால் கேட்கிற பிள்ளைதான். பூட்டு இதோடு போதும். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதே.

இப்படிக்கு,
ஜெரோம்

*

கோயமுத்தூர்
14.07.2025

அண்ணாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொன்னேன் என்று சொல்லுங்கள், அதாவது நீங்கள் வைத்துக் கொடுங்கள்.

பூட்டு நன்றாக வேலை செய்கிறது. எட்டு மணிக்குப் போனைக் கொண்டுவந்து டிவி மேல் வைத்துவிடுகிறாள். ஆனால் அந்த ரெண்டு மணி நேரத்தில் என்னதான் செய்கிறாள் என்று தெரிய வேண்டாமா? பெற்றவளுக்கு அந்த உரிமை இல்லையா? எங்கள் கடைக்கு எதிரில் மொபைல் கடை வைத்திருக்கிற நரசிம்மலு ஒரு வழி சொன்னார். அவள் போனை என்னவோ சாக்குச் சொல்லி வாங்கிக்கொண்டு போனேன். ரெண்டே நிமிடம். என்னுடைய பழைய போனில் அவளுடைய வாட்ஸ்அப் அப்படியே வருகிறது! அவள் எழுதுவது, அவளுக்கு வருவது எல்லாம். பழைய போனைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அண்ணா, படித்தால் குமட்டுகிறது. என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? "பில் மெஷின் வந்தாச்சு, அப்புறம் பேசறேன்." நான்தான் பில் மெஷின்! நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறேன், எனக்கு இந்தப் பேர். வகுப்பில் ஒருத்தி தலையில் பேன், இன்னொருத்திக்கு வேதியியல் வாத்தியார் மேல் ஆசையாம். ஒருத்தி அப்பாவின் சண்டையை வரி விடாமல் எழுதுகிறாள். சாக்கடைதான். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது படித்துவிடுகிறேன். ஒரு நாள் பார்க்காவிட்டால் என்னவோ போல இருக்கிறது.

இல்மா என்று ஒரு பெண், இவளுக்கு உயிர்த் தோழி. பக்கத்துத் தெரு, அம்மா பேர் சஃபியா. அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வருமாம்! சின்ன வயதிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாளாம். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இடைஞ்சல் என்று வீட்டில் மூச்சே விடவில்லை. "உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கேன் பெனி" என்று எழுதியிருக்கிறாள். பாருங்கள், எவ்வளவு பெரிய விஷயத்தை எப்படி மறைக்கிறார்கள்!

உங்கள் தங்கை,
அன்பு

*

பல்லடம்
02.08.2025

அன்புவுக்கு,

நலம். பதில் தாமதம். கோழி பிடிக்க வண்டி வந்துவிட்டது, அடுத்தபடியாகக் கொட்டகை கழுவி மருந்து அடிக்கிற வேலை. அந்த நாற்றம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

நீ எழுதியதைப் படித்தேன். பில் மெஷின் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மற்றதெல்லாம் எனக்கு எழுத வேண்டாம். அந்தப் பிள்ளை மாத்திரை சாப்பிட்டால் நமக்கென்ன? அடுத்த வீட்டுக் குளியலறை ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே அசிங்கமாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி இருக்கிறது நீ எழுதுவது. அந்தப் பழைய போனைத் தூக்கிப் போடு.

மழை உண்டா அங்கே?

ஜெரோம்

*

கோயமுத்தூர்
10.09.2025

அண்ணாவுக்கு அன்பு எழுதுவது.

சுகம். மாதா திருவிழா நல்லபடியாக முடிந்தது. உங்கள் முழங்காலுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

உங்கள் கடிதம் வந்தது. வேலை அதிகம், அதனால்தான் பதில் போடவில்லை. கோபம் ஒன்றும் இல்லை.

எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டம் போன வாரம் நம் வீட்டில் நடந்தது. ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, பிறகு ஒவ்வொருவரும் மன்றாட்டு வைப்போம் அல்லவா? எல்லோரும் மகனுக்கு வேலை, மகளுக்கு வரன் என்று வழக்கமானதையே கேட்டார்கள். எனக்கு அந்தப் பெண் இல்மா நினைவுக்கு வந்தாள். நம் மதமா, இல்லை, ஆனால் ஆண்டவருக்கு எல்லோரும் பிள்ளைகள்தானே. "வலிப்பு நோயால் வாடும் இல்மா என்ற மகளை ஆண்டவர் தொட்டுக் குணமாக்க வேண்டுமென்று மன்றாடுவோம்" என்றேன். எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுங்க" என்றார். எந்தப் பெண், எந்த வீடு என்று பிறகு விசாரித்தார்கள், சொன்னேன். தெரிந்தால்தானே தினமும் நினைத்து ஜெபிக்க முடியும். எப்போதும் போல அன்பிய வாட்ஸ்அப் குழுவிலும் மன்றாட்டுகளைப் போட்டார்கள்.

நீங்கள் அசிங்கம் என்று எழுதினீர்களே, அதிலிருந்து ஒரு நல்லது நடந்திருக்கிறது பாருங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்பு

*

கோயமுத்தூர்
29.09.2025

மாமாவுக்கு பெனிட்டா எழுதுவது.

நல்லா இருக்கீங்களா? அத்தை நல்லா இருக்காங்களா? நான் நல்லா இல்லை மாமா.

நீங்க கடிதத்துக்குத்தான் பதில் போடுவீங்கன்னு அம்மா சொல்வாங்க, அதனால எழுதறேன். நம்பர் கேட்கறதுக்காக எழுதலை. அன்னிக்கு உங்களை ஏமாத்தினதுக்கு ஸாரி.

என் ஃப்ரெண்டு இல்மாவுக்கு ஒரு உடம்பு பிரச்சினை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போ ஸ்கூல் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. எங்க வேன்ல வர்ற ஒரு பையன், அவன் அம்மாவும் எங்க அன்பியம்தான், இல்மா ஏறினதும் கையைக் காலை இழுத்துக்கிட்டு வாயில எச்சிலை நுரையா ஊதிக் காட்டினான். எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள்லேர்ந்து அவ ஏறும்போதெல்லாம், "சாவி வேணுமா, சாவி வேணுமா"ன்னு கேட்டு வீட்டுச் சாவியை நீட்டறாங்க. எனக்கு வாந்தி வந்தது மாமா, நிஜமாவே வேன்ல எடுத்துட்டேன். இல்மா அவங்களைப் பார்க்கலை. என்னைத்தான் பார்த்தா.

அதுக்கப்புறம் அவ ஸ்கூலுக்கு வரலை. வேற ஸ்கூல்ல சேர்த்துட்டாங்க. வீட்டுக்குப் போனேன், சஃபியா ஆன்ட்டி கதவைத் திறக்கலை. ஜன்னல்லேர்ந்து, "நீ போயிடு கண்ணு"ன்னு மட்டும் சொன்னாங்க.

நான் யார்கிட்டயும் சொல்லலை மாமா. சத்தியமா. அம்மாகிட்டகூட சொல்லலை. ஆனா நான் வீட்டுல இல்லாதப்ப அம்மாதான் அன்பியத்துல ஜெபம் பண்ணாங்களாம். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கேட்டா, "ஆண்டவர் எனக்குக் காட்டினார்"னு சொல்றாங்க.

அம்மா உங்களுக்கு எல்லாம் எழுதுவாங்கல்ல? உங்களுக்குத் தெரியுமா?

பெனிட்டா

*

பல்லடம்
06.10.2025

அன்புவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஆண்டவர் காட்டினாரா? இல்லை, நரசிம்மலு காட்டினானா?

ஒரு சின்னப் பிள்ளையிடம் இப்படிச் சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்தது? போனைப் பார்த்தால் ஓங்கரிக்கிறது என்று எழுதினாயே, உன் கடிதத்தைத் தொட எனக்கு ஓங்கரிக்கிறது. இருபது வருடமாகக் கோழி எருவில் நிற்கிறவன் சொல்கிறேன், இந்த மாதிரி ஒரு நாற்றத்தை நான் பார்த்ததில்லை. அசிங்கத்தை அசிங்கமாகப் பேசினால்கூடப் பரவாயில்லை. நீ அதை ஜெபமாலைக்கு நடுவில் வைத்துப் பேசினாய். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் மானத்தைப் பந்தி வைத்தாய். வந்தவர்கள் கண் கலங்கினார்களாம். ஏன் கலங்காது, வீட்டுக்குப் போகும்வரை பேச விஷயம் கிடைத்ததே!

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடமே மாறிவிட்டது. வேனில் சாவி நீட்டுகிறார்கள். நம் பெனிட்டாதான் காட்டிக்கொடுத்தாள் என்று அந்த வீடு நினைக்கிறது. இது உனக்குத் தெரியுமா? தெரிந்துமா எழுதாமல் இருந்தாய்?

ரெண்டு காரியம் செய். பெனிட்டாவை உட்கார வைத்து, பழைய போனை எடுத்துக் காட்டி, நான்தான் படித்தேன் என்று சொல். பிறகு சஃபியா வீட்டு வாசலுக்குப் போய், பெனிட்டா சொல்லவில்லை என்று சொல். இந்த மாதம் முடிவதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

ஜெரோம்

*

கோயமுத்தூர்
27.10.2025

அண்ணாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நலம், நலமறிய ஆவல். தீபாவளி சமயத்தில் கடையில் கூட்டம் தாங்கவில்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது. அவர் பலகாரம் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டார்.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். பெனிட்டா இப்போது போனைத் தொடுவதே இல்லை! உங்கள் ரெண்டு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட எடுப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புத்தகம், சாப்பாடு, தூக்கம். கடையில் எல்லோரிடமும் சொன்னேன். "எப்படிங்க செஞ்சீங்க, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்று கேட்கிறார்கள். நம்பரை வெளியூரில் அண்ணனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். ஆச்சரியப்பட்டுப் போனார்கள்.

கொஞ்சம் பேச்சுக் குறைவாகத்தான் இருக்கிறாள். படிக்கிற பிள்ளைதானே. அவள் அம்மாவோடு பேசுவதில்லை என்று அவர் சொல்கிறார், அவருக்கு எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பேசுவதே வழக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கூடப் பிறந்தவளை இப்படி எழுதலாமா என்று நினைத்து அழுதேன். நான் ஜெபம்தானே செய்தேன்.

அன்பு

*

பல்லடம்
03.11.2025

கண்ணு பெனிட்டாவுக்கு மாமா எழுதுவது.

உன் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுகிறேன். வீட்டுக்குப் போடப் பயமாக இருக்கிறது. இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கே வெட்கமாகவும் இருக்கிறது.

நீ கேட்டாய், தெரியுமா என்று. தெரியும் சாமி. ஒரு மாதம் உனக்குப் பதில் போடாமல் இருந்தது, உன் அம்மாவே சொல்லட்டும் என்றுதான். அவள் சொல்ல மாட்டாள்.

உன் வாட்ஸ்அப்பைத் திற. மூலையில் இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டால், உன் கணக்கு வேறு எந்தக் கருவியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். அங்கே இன்னொரு போன் இருக்கும். அது உங்கள் வீட்டுப் பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. அதை எப்படித் துண்டிப்பது என்பது அந்த இடத்திலேயே இருக்கும் என்று எங்கள் தீவன வண்டி ஓட்டுகிற ஐயாசாமி சொன்னார். அவர் மகளுக்கும் உன் வயதுதான்.

இல்மாவுக்கு எழுது. நடந்ததை நடந்தபடி எழுது. அம்மாவைக் காப்பாற்ற எதையும் மறைக்காதே, திட்டுவதற்காக எதையும் கூட்டாதே.

ரெண்டு மணி நேரப் பூட்டை நான் எடுக்க மாட்டேன். அது உன் கண்ணுக்கும் தூக்கத்துக்கும் போட்டது. இது வேறு, அது வேறு. உள்ளே நீ பேசுகிறது உன்னுடையது.

நேரத்துக்குச் சாப்பிடு கண்ணு.

மாமா

*

கோயமுத்தூர்
12.12.2025

அண்ணாவுக்கு அன்புக்கரசி எழுதுவது.

நலமாக இருக்கிறீர்களா? உங்களிடமிருந்து கடிதம் வந்து ரொம்ப நாளாயிற்று. அண்ணி கேக் போட ஆரம்பித்துவிட்டாரா? இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பீரோவிலிருந்து பழைய போனை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் போனையும் பக்கத்தில் வைத்தாள், திறந்து. "படிச்சுக்குங்கம்மா. இனி இதுல ஒண்ணும் இருக்காது" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அதிலிருந்து தினமும் எட்டு மணிக்கு அப்படியே திறந்து என் முன்னால் வைக்கிறாள். நான் பார்ப்பதில்லை. ரெண்டு மூன்று தடவை பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சஃபியா வீட்டுக்குப் போனேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை, நானாகத்தான் போனேன். உள்ளே கூப்பிட்டார், நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். என் மகள் மேல் தப்பில்லை என்றேன். "தெரியுமுங்க. பெனிட்டா எழுதியிருந்துச்சுங்க" என்றார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "உங்க ஜெபத்துக்கு ரொம்ப நன்றிங்க. இனிமே எங்களுக்காக ஒண்ணும் கேக்க வேண்டாமுங்க" என்றார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் செருப்பால் அடித்ததில்லை. வழியில் சாக்கடை ஓரமாக நின்று துப்பினேன்.

நேற்று எனக்கு விடுமுறை. தபால்காரர் ஒரு கவர் கொடுத்தார். பெனிட்டா பேருக்கு. பின்னால் இல்மா என்று எழுதியிருந்தது. இந்தப் பிள்ளைகள் இப்போது கடிதம் எழுதிக்கொள்கிறார்கள் அண்ணா, நம்மை மாதிரி.

டிவி மேல் வைத்தேன். பிறகு எடுத்தேன். கவரின் ஒரு ஓரம் சரியாக ஒட்டவில்லை. என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று தோன்றியது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எழுத்து தெரிந்தது, படிக்க முடியவில்லை. என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாகிவிட்டது. கொண்டுபோய் அவள் படிப்பு மேசையில் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

சாயங்காலம் வந்தாள். கவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. எத்தனை மாதமாயிற்று அந்த முகத்தைப் பார்த்து! அடுத்த நொடி கவரைத் திருப்பினாள். ஒட்டின இடத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும். ஒட்டாத அந்த ஓரத்தில் விரல் நின்றது. நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பிரிக்கவில்லை அண்ணா. அந்த ஓரம் வரும்போதே அப்படித்தான் இருந்தது. நீங்களாவது நம்புங்கள்.

அன்பு